வெளிறு இழந்த கட்டைகள்

பழைய ஆங்கிலத்தில் கட்டுவதைக் குறிக்க ‘டிம்ப்ரியன்’ என்றொரு வினைச்சொல் இருந்தது. இன்றைய ஆங்கிலத்தில் கட்டட மரத்துக்குப் பெயரான ‘டிம்பர்’ அதன் உடன்பிறப்பு. கல்லால் எழுப்பிய தேவாலயத்தைப் பற்றி எழுதும்போதும் அக்கால ஏடுகள் இந்த வினையையே கையாண்டன. கட்டடம் என்றாலே தச்சுவேலை என்று பழகிய மக்களின் மொழி அது. எட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் திருச்சபையின் வரலாற்றை எழுதிய பீட் என்ற துறவி அப்படிப்பட்ட தேவாலயங்களைப் பற்றிச் சொல்கிறார். கி.பி. 627 ஈஸ்டர் அன்று நார்தம்பிரிய அரசன் எட்வின் ஞானஸ்நானம் பெறுவதற்காக யார்க் நகரில் அவசர அவசரமாக ஒரு மரக்கோயில் எழுந்தது. பிறகு அதைச் சுற்றிலும் கல்லில் பெரிதாக ஒன்று கட்டினார்கள். லிண்டிஸ்ஃபார்ன் தீவில் ஆயர் ஃபினான் கல்லைத் தவிர்த்து, செதுக்கிய ஓக் மரத்தால் கட்டி நாணலால் கூரை வேய்ந்தார். இவை இரண்டும் இன்று இல்லை. நார்மானியர் வருவதற்கு முன் இங்கிலாந்தில் எத்தனை மரக்கோயில்கள் இருந்தனவோ, அவை தீயிலும் ஈரத்திலும் போயின. மிச்சம் இருந்தவற்றை, பணம் வந்ததும் ஊராரே இடித்துவிட்டுக் கல்லில் கட்டிக்கொண்டார்கள்.

அந்தக் கட்டுமுறையில் நமக்கு மிஞ்சியிருப்பது ஒன்றுதான். லண்டனுக்கு வடகிழக்கே எசெக்ஸ் மாவட்டத்தில், சிப்பிங் ஆங்கர் என்ற சிற்றூருக்கு மேற்கே ஒரு மைல் தள்ளி கிரீன்ஸ்டெட் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள புனித அந்திரேயா தேவாலயத்தில் மக்கள் அமரும் மண்டபத்தின் சுவர் முழுக்க ஓக் கட்டைகளால் ஆனது. உலகின் மிகப் பழைய மரத் தேவாலயம், ஐரோப்பாவில் நிற்கும் மரக்கட்டடங்களிலேயே மூத்தது என்றெல்லாம் இதற்குப் பட்டங்கள் உண்டு. இந்தப் பட்டங்களுக்கு அடியில் இருக்க வேண்டிய ஆண்டுக் கணக்கு ஒருமுறை சரிந்து, வேறோர் இடத்தில் நின்றது. அந்தச் சரிவைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் சுவர். ஓக் மரத்தை நெடுக்காகப் பிளந்திருக்கிறார்கள். நார் ஓடும் போக்கிலேயே ஆப்பு வைத்துப் பிளக்கும் முறை அது. பிளந்த கட்டையின் வளைந்த முதுகு வெளிப்புறம் பார்க்கிறது. உட்புற முகத்தை வாய்ச்சியால் செதுக்கிச் சமப்படுத்தியிருக்கிறார்கள். இப்படி 51 கட்டைகள் ஒன்றையொன்று ஒட்டி நெட்டுக்குத்தாக நிற்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் மரங்களை வரிசையாக நட்டு வைத்த வேலி மாதிரி இருக்கும். உள்ளே வந்தால் பலகைச் சுவர். கட்டைக்கும் கட்டைக்கும் இடையே காற்று நுழையாமல் இருக்க, இரண்டின் ஓரத்திலும் காடி எடுத்து, நடுவில் மெல்லிய ஓக் பட்டையை நாக்குப் போலச் செருகியிருக்கிறார்கள். மரம் உலர்ந்து சுருங்கினாலும் நாக்கு இடைவெளியை மறைத்துக்கொள்ளும். ஏறக்குறைய முப்பது அடி நீளமுள்ள சிறிய மண்டபம் அது; சுவரின் உயரமும் ஓர் ஆளின் உயரத்தை ஒட்டியதுதான். தொடக்கத்தில் சன்னல் என்று சொல்லத்தக்கது எதுவும் இருந்திருக்காது. இன்று வெளிச்சம் தரும் கூரைச் சன்னல்கள் பல நூற்றாண்டு கழித்து வந்தவை. உட்சுவரில் சில கருந்தடங்களைக் காட்டி, அந்நாளைய விளக்குகள் சுட்ட தழும்பு என்பார்கள் ஊரார்.

வேலையில் ஆடம்பரம் கிடையாது. நார்வேயின் ஊர்னெஸ் தேவாலய வாசலில் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் விலங்குச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ஆனால் நார்வேயில் நிற்கும் மரக்கோயில்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு முந்தியவை அல்ல. ஊர்னெஸ் 1130-களைச் சேர்ந்தது, போர்குண்ட் 1180-களைச் சேர்ந்தது. கிரீன்ஸ்டெட் அவற்றுக்கு மூத்தது என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு மூத்தது என்பதில்தான் சிக்கல்.

இந்தக் கோயிலுக்கு ஒரு தலபுராணம் உண்டு. கிழக்கு ஆங்கிலியாவின் அரசன் எட்மண்ட் 869-இல் டேனியர் கையில் மாண்டான். மரத்தில் கட்டி அம்பெய்து, பின்பு தலையைக் கொய்தார்கள் என்றும், காட்டில் வீசிய தலையை ஓர் ஓநாய் காத்துக் கிடந்தது என்றும், நூறு ஆண்டுக்கு மேல் கழித்து ஃப்ளூரி மடத்துத் துறவி அப்போ எழுதி வைத்தார். அரசன் புனிதனானான்; அவன் உடல் பின்னாளில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்று பெயர் பெற்ற ஊரில் வழிபாட்டுக்குரியதாயிற்று. 1010-இல் டேனியர் மீண்டும் கிழக்கு ஆங்கிலியாவைச் சூறையாடியபோது, உடலைக் காத்துவந்த ஐல்வின் என்ற துறவி அதை லண்டனுக்கு எடுத்துச் சென்றார். மூன்று ஆண்டு கழித்து, 1013-இல், உடல் ஊர் திரும்பியது. திரும்பும் வழியில் ஆங்கரில் தங்கியது என்று பிற்கால மடத்து ஏடு ஒன்று சொல்கிறது. அங்கே ஒரு மரக்கோயில் இருப்பதையும் அது குறிப்பிடுகிறது.

ஆங்கர் அருகே மரக்கோயில் என்றால் கிரீன்ஸ்டெட்டைத் தவிர வேறு எது? பதினெட்டாம் நூற்றாண்டுப் பழம்பொருள் ஆர்வலர்கள் இப்படித்தான் கேட்டார்கள். லண்டன் பழம்பொருள் ஆய்வோர் கழகம் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தக் கோயிலைச் செப்புத்தகட்டில் செதுக்கிப் படமாக அச்சிட்டது. ஊர்க்கோயில் நாடறிந்த சின்னமானது அப்போதுதான். அன்றிலிருந்து 1013 என்ற ஆண்டு இந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. புனிதனின் உடல் ஓரிரவு இந்த ஓக் கட்டைகளுக்கு நடுவே கிடந்தது என்ற காட்சியை யார்தான் விடுவார்கள்? கூரையின் மரவேலையில் எட்மண்டின் தலையைக் காக்கும் ஓநாயையே செதுக்கி வைத்துவிட்டார்கள்.

1960-களில் மர ஆண்டு வளையக் கணிப்பு இங்கு வந்தது. வந்த விடை 845. கதைக்கு இதைவிட நல்ல துணை கிடைக்க முடியாது. கோயில் 845-இல் எழுந்தது. 869-இல் எட்மண்ட் மாண்டான். 1013-இல் அவன் உடல் இங்கே தங்கியது. எல்லாம் வரிசையாகப் பொருந்தின. 1972-இல் பிரிட்டன் அஞ்சல் துறை ஊர்த் தேவாலயங்கள் ஐந்தை ஐந்து அஞ்சல்தலைகளாக வெளியிட்டபோது, மூன்று பென்னி தலையில் இடம்பெற்றது கிரீன்ஸ்டெட். அந்தத் தலையை ஒட்டிக் கடிதம் எழுதியவர்கள், ஆயிரத்து நூறு ஆண்டுக்கும் மேலான கோயில் என்று நம்பித்தான் ஒட்டியிருப்பார்கள்.

1995-இல் மறுபடி அளந்தார்கள். இந்த இடைவெளியில் கணிப்புக் கலை நன்றாக வளர்ந்திருந்தது. ஒரு மரத்தின் வளையங்கள் தம்மளவில் ஆண்டைச் சொல்லமாட்டா. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலம், வறண்ட ஆண்டில் ஒடுக்கம். இந்த அகல ஒடுக்க வரிசையை, ஆண்டு தெரிந்த வேறு மரங்களின் வரிசையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அறுபதுகளில் இங்கிலாந்தின் ஓக் மரங்களுக்கு நெடிய ஒப்பீட்டு வரிசை கைவசம் இல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தேவாலய உத்தரங்கள், பண்ணைக் கொட்டகைகள், ஆற்றங்கரைத் தூண்கள், சேற்றில் புதைந்த மரங்கள் என்று ஆயிரக்கணக்கானவற்றை அளந்த பிறகே அது உருவாயிற்று. அந்த வரிசையோடு வைத்துப் பார்த்தபோது கிரீன்ஸ்டெட் கட்டைகளில் மிஞ்சியிருந்த கடைசி வளையம் 1053-ஆம் ஆண்டுக்கு உரியது என்று தெரிந்தது.

ஆனால் 1053 மரம் வெட்டிய ஆண்டு அன்று. தச்சர்களோடு பழகியவர்களுக்குக் காரணம் உடனே புரியும். மரத்தின் நடுப்பகுதி வைரம். பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி வெளிறு. வைரம் பாய்ந்த பகுதி கெட்டி, வெளிறு பொத்தல். வண்டு துளைப்பதும் ஈரம் அரிப்பதும் வெளிற்றைத்தான். நல்ல தச்சன் அதைச் செதுக்கி எறிந்துவிடுவான். அவன் விட்டுவைத்தாலும் காலம் விடாது. கிரீன்ஸ்டெட் கட்டைகளில் வெளிறு போய்விட்டது. ஆகவே, போன வளையங்கள் எத்தனை என்று மதிப்பிடுவதைத் தவிர வழியில்லை. இங்கிலாந்து ஓக் மரங்களில் வெளிற்று வளையங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் 10-க்குக் குறையாது, 55-க்கு மிஞ்சாது. 1053-உடன் இதைக் கூட்டினால் 1063 முதல் 1108 வரை எந்த ஆண்டிலும் இந்த மரங்கள் சாய்ந்திருக்கலாம். பழைய கணக்கிலிருந்து இருநூறு ஆண்டுக்கு மேல் உதிர்ந்துவிட்டது.

இந்தக் கணக்கு வந்து நிற்கும் இடம் கவனிக்கத் தக்கது. 1066 அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் ஹெரால்டு மன்னன் வீழ்ந்தான். இங்கிலாந்து வில்லியம் தலைமையிலான நார்மானியர் கைக்குப் போனது. அதற்குப் பிந்திய ஐம்பது ஆண்டுகளில் நாடெங்கும் கல்லால் பேராலயங்களும் மடங்களும் கோட்டைகளும் எழுந்தன. கிரீன்ஸ்டெட்டின் ஓக் மரங்களை வெட்டியவர்கள் ஹெரால்டின் குடிகளா, வில்லியத்தின் குடிகளா, அவன் மகன்களின் குடிகளா என்பதை மரம் சொல்லாது. வெளிறு இருந்திருந்தால் சொல்லியிருக்கும். கடைசிச் சில அங்குல மரம் இல்லாததால், ஆங்கிலேய வரலாற்றின் பெரும் பிளவுக்கு எந்தப் பக்கம் இந்தச் சுவர் நிற்கிறது என்பது முடிவாகாமல் கிடக்கிறது.

கோயில் இளமையானதில் பலருக்கு வருத்தம். எனக்கு அந்த வருத்தம் இல்லை. 845 என்றால், எல்லாரும் மரத்தில் கட்டிய காலத்தில் கட்டிய பலவற்றுள் ஒன்று தப்பிப் பிழைத்தது என்று மட்டும் பொருள். 1063-க்குப் பிறகு என்றால் கதையே வேறு. பெரிய ஊர்களில் கொத்தனாரின் உளியோசை கேட்கத் தொடங்கிய நாளில், எசெக்ஸ் காட்டோரத்தில் யாரோ ஒரு தச்சன் பாட்டன் காலத்து முறையில் ஓக் மரத்தைப் பிளந்து நிறுத்திக்கொண்டிருந்தான். புதுமுறை அவன் காதுக்கு எட்டியிருக்காது என்று நினைக்கத் தேவையில்லை. எசெக்ஸில் நல்ல கட்டடக் கல் அரிது. ஓக் மரத்துக்கோ பஞ்சமில்லை. கையில் இருந்ததை வைத்து, தெரிந்த முறையில் கட்டினான்.

எட்மண்டின் கதை என்னாவது? 1053-இல் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்த மரங்களுக்கு நடுவே 1013-இல் எந்தப் புனிதனின் உடலும் தங்கியிருக்க முடியாது. ஆனால் அந்த மடத்து ஏட்டை மறுபடி கூர்ந்து படித்தால் ஒன்று தெரியும். மரக்கோயிலில் உடல் தங்கியதாக அது சொல்லவில்லை. ஆங்கரில் எட்மண்டுக்கு இடம் கிடைத்தது, அவன் நினைவாக ஒரு மரக்கோயில் இன்றளவும் அங்கு நிற்கிறது என்பதே அதன் செய்தி. நினைவுக் கோயில் என்றால் நிகழ்ச்சிக்குப் பின்னால் எழுந்தது. இருநூற்றைம்பது ஆண்டாகப் பலர் அந்த வரியைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள். பரி மடத்தில் 1065 முதல் தலைவராக இருந்த பால்ட்வின், எட்மண்ட் வழிபாட்டை வளர்ப்பதில் முனைந்து நின்றவர். 1095-இல் புனிதனின் உடலைப் புதிய கல் தேவாலயத்துக்கு மாற்றியவர். அந்த எழுச்சிக் காலத்தில், உடல் தங்கிச் சென்ற வழியில் ஒரு நினைவுக் கோயில் எழுந்திருக்கக்கூடும்; கட்டைகளின் வயதும் இதற்கு இடம் தருகிறது. இதுவும் ஊகம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆங்கர் என்று ஏடு சொல்வது கிரீன்ஸ்டெட்டையே என்பதற்கும் தனிச் சான்று கிடையாது. ஆனால் 1995-இன் அளவீடு பழைய கதையைக் கொன்றுவிட்டது என்று சொல்பவர்கள், அந்த அளவீட்டோடு கூடுதலாக ஒத்துப்போவது ஏட்டின் உண்மையான வாசகம்தான் என்பதைக் கவனிப்பதில்லை.

இன்னொன்று: கோயில் இளையது, இடம் இளையது அன்று. 1960-இல் பீடப்பகுதியின் தரையைத் தோண்டியபோது அதைவிட முந்திய மரக்கட்டடங்களின் தடங்கள் அடியில் கிடைத்தன. நார்வேயின் மரக்கோயில்களில் தோய்ந்த ஹோகன் கிறிஸ்டி, டென்மார்க்கின் தொல்லியலாளர் ஓலாஃப் ஓல்சன், ஆங்கிலோ-சாக்சன் கட்டடக்கலையை ஊர் ஊராக அளந்த எச். எம். டெய்லர் ஆகிய மூவரும் சேர்ந்து அந்த முடிவுகளை 1979-இல் வெளியிட்டார்கள். மண்ணில் நட்ட மரம் மக்கிப் போனாலும் குழி மண்ணின் நிறம் மாறிக் கிடக்கும். அதை வைத்துத்தான் சுவரின் போக்கைக் காண்கிறார்கள். இன்றுள்ள ஓக் மண்டபத்துக்கு முன்பே அங்கே வழிபாடு நடந்திருக்கிறது, ஒருமுறைக்கு மேல் கட்டியும் இருக்கிறார்கள்.

இத்தனை மரக்கோயில்கள் போய் இது மட்டும் ஏன் நின்றது? கிரீன்ஸ்டெட் வளராத ஊர். கோயிலைப் பெரிதாக்கும் அளவு மக்களும் சேரவில்லை, இடித்துக் கட்டும் அளவு பணமும் சேரவில்லை. ஆனபோதெல்லாம் ஒட்டுப்போட்டார்கள். பீடப்பகுதியின் மரச் சுவர் போய், நார்மானியர் காலத்தில் சக்கிமுக்கிக் கல் வந்தது; அதன் அடிப்பகுதி கொஞ்சம் இன்றும் தெரிகிறது. 1500-ஐ ஒட்டி டூடர் அரசர் காலத்தில் அதுவும் போய்ச் செங்கல் வந்தது. மேற்கு முனையில் வெள்ளைப் பலகை வேய்ந்த சிறு மணிக்கோபுரம்; உள்ளே தொங்கும் மணியில் 1618 என்று பொறித்திருக்கிறது. இப்படி எல்லாக் காலமும் வந்து ஒட்டிக்கொண்டாலும், நடு மண்டபத்தின் கட்டைகளை மாற்ற யாருக்கும் அவசியம் நேரவில்லை. ஓக் வைரம் அப்படிப்பட்டது.

அவசியம் நேர்ந்தது 1848-இல். மழைச்சாரலும் மண்ணீரமும் ஏறிக் கட்டைகளின் அடி மக்கியிருந்தது. 1837 முதல் 1882 வரை இங்கே குருவானவராக இருந்த ஃபிலிப் ரே காலத்தில் பெரிய பழுதுபார்ப்பு நடந்தது. கட்டைகளைக் கழற்றி, மக்கிய அடியை அறுத்து, புதிய ஓக் அடிச்சட்டம் போட்டு, அதன்கீழ்ச் செங்கல் மேடை எழுப்பி மீண்டும் நிறுத்தினார்கள். இன்று படங்களில் கட்டைகளுக்குக் கீழே தெரியும் சிவப்புச் செங்கல் வரிசை அந்த ஆண்டினுடையது. விக்டோரியா காலத்துப் புதுப்பிப்பாளர்களைத் திட்டுவது கட்டட வரலாற்றாளர்களின் வழக்கம். பல ஊர்களில் அதற்குக் காரணமும் உண்டு. இங்கே நான் திட்டமாட்டேன். செங்கல் மேடை இல்லையென்றால் 1995-இல் அளக்கக் கட்டை இருந்திருக்குமா என்பதே ஐயம். ஆனால் அறுத்தெறிந்த அடிகளோடு ஒரு சான்றும் போயிற்று. கட்டைகள் மண்ணை எப்படித் தொட்டன என்ற கேள்விக்கு மிக நேரடியான விடை அந்த அடிகளில்தான் இருந்தது.

மக்கள் சுவரில் எதைப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு. வடசுவரில் ஒரு சிறு துவாரம் இருக்கிறது. தொழுநோயாளிகள் வெளியே நின்று வழிபாட்டைக் காண்பதற்கான துளை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். அதை ஒட்டி ஒரு வாசல் இருந்தது. உள்ளே வருபவர் விரல் நனைக்கப் புனிதநீர் வைத்த மாடமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது இப்போதைய கருத்து. விளக்கம் மாறினாலும் பழைய பெயர் மறையவில்லை.

அந்த 1848 பழுதுபார்ப்புக்கு ஒன்பது ஆண்டு முன்பு, 1839 ஜூன் 20 அன்று, இந்த மண்டபத்தில் ஒரு திருமணம் நடந்தது. மணமகன் ஜேம்ஸ் பிரைன், மணமகள் எலிசபெத் ஸ்டாண்ட்ஃபீல்ட். பிரைன் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டுத் திரும்பியவன். தென்மேற்கே டார்செட் மாவட்டத்தின் டோல்புட்டில் ஊரில் பண்ணைக் கூலி வாரத்துக்கு ஒன்பது ஷில்லிங்கிலிருந்து எட்டு, ஏழு என்று இறங்கி, ஆறுக்கும் இறங்கும் என்ற நிலை வந்தபோது, தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றமில்லை. ஆகவே இரகசியப் பிரமாணம் எடுத்ததைக் குற்றமாக்கி, 1834 மார்ச்சில் ஆறு பேருக்கு ஏழாண்டு நாடுகடத்தல் விதித்தார்கள். ஜார்ஜ் லவ்லெஸ், அவர் தம்பி ஜேம்ஸ், தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்ட், அவர் மகன் ஜான், ஜேம்ஸ் ஹாமெட், ஜேம்ஸ் பிரைன். நாடு கொதித்தது, லண்டனில் பெரும் ஊர்வலம் நடந்தது, 1836-இல் அரசு மன்னிப்பு வழங்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்தவர்களுக்குச் சொந்த ஊரில் எந்தப் பண்ணையார் வேலை தருவான்? லண்டனில் அவர்களுக்காகத் திரட்டிய நிதியில் எசெக்ஸில் இரண்டு பண்ணைகள் குத்தகைக்கு எடுத்துத் தரப்பட்டன. லவ்லெஸ் குடும்பத்தாரும் பிரைனும் கிரீன்ஸ்டெட்டின் நியூ ஹவுஸ் பண்ணைக்கு வந்தார்கள். ஸ்டாண்ட்ஃபீல்ட் குடும்பம் பக்கத்து ஹை லேவர் ஊரில் குடியேறியது. ஹாமெட் மட்டும் பின்னர் டோல்புட்டிலுக்கே போய்விட்டார். வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்துக்குக் கிரீன்ஸ்டெட்டில் ஒரு கிளை தொடங்கினார்கள். சுற்றுவட்ட நில உடைமையாளர்களுக்கு இது சகிக்கவில்லை.

நாடுகடத்தப்பட்டவர்களுள் ஒருவன், உடன் நாடுகடத்தப்பட்ட தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டின் மகளை மணக்கிறான். ஜார்ஜ் லவ்லெஸ் மெதடிஸ்ட் போதகர். டோல்புட்டில் ஆறு பேரில் பெரும்பாலோர் அந்தச் சபையினர். ஆனாலும் திருமணம் ஊர்க்கோயிலில்தான் நடந்தது, பெயர்கள் அதன் பதிவேட்டில்தான் ஏறின. அன்று அவர்களுக்குப் பின்னால் நின்ற கட்டைகளுக்குக் கீழே செங்கல் மேடை இல்லை, அடிகள் மக்கிக்கொண்டிருந்தன.

1840-களின் நடுவில் ஐவரும் குடும்பத்தோடு கடல் கடந்து கனடாவின் ஒண்டேரியோ பகுதிக்குப் போய்ப் புதிய பண்ணைகளில் குடியேறினார்கள். அங்கே தங்கள் பழைய வழக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பார்கள். 1848-இல் தச்சர்கள் கிரீன்ஸ்டெட் சுவரைக் கழற்றி அடுக்கியபோது, பார்க்க அவர்களில் ஒருவரும் அங்கு இல்லை.